அலமாரிக் கதவுகள்

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

மூத்தவள் எழுதுவது. இங்கே மூவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கும் அங்கே ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும்.

நீங்கள் லீவு முடிந்து திரும்பிப் போன மறுவாரம் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தேன். அம்மா சமையலறை அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கை கைப்பிடியில் இருந்தது. ஆனால் திறக்கவில்லை. முன்பின் தெரியாத வீட்டில் மணியை அடித்துவிட்டு, யாராவது வந்து திறப்பார்களா என்று நிற்பார்களே, அப்படி நின்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "இதுக்குள்ள என்னடி இருக்கு?" என்று கேட்டாள். சர்க்கரை என்றேன். கதவின் மேலேயே நீங்கள் ஒட்டிய சீட்டில் "சர்க்கரை, டீத்தூள், உப்பு" என்று எழுதியிருக்கிறது. அம்மாவும் அதைப் படித்தாள். "ஆமா, எழுதித்தான் இருக்கு" என்றாள். அதற்குள் எதற்கு வந்தோம் என்பது மறந்துபோய், கூடத்துக்குப் போய்விட்டாள். அன்று எல்லாருக்கும் சர்க்கரை இல்லாத டீ.

இதை எதற்குச் சொல்கிறேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். போனில் எனக்குப் பேச வராது. நீங்களும் "ம்" என்பதற்கு மேல் போவதில்லை. நம் இரண்டு பேரையும் பேச விட்டால் போன் தூங்கிவிடும் என்று அம்மா சொல்வாள். ஆனால் எழுத்தாக இருந்தால் நீங்கள் ஒரு வரி விடமாட்டீர்கள். இருமல் மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூட முழுசாகப் படித்துவிட்டுத்தான் மூடியைத் திருகுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை நீங்கள் போனில் சொன்னதை ஸ்பீக்கரில் மூவரும் கேட்டோம். "பொடிசை எங்க அக்கா வீட்டுல விட்டுடலாம். அங்கயே ஸ்கூல் மாத்திடலாம். நான் அடுத்த லீவுல வந்து கொண்டுபோய் விடறேன்" என்றீர்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வாய் ஓயாத அம்மா சும்மா இருந்ததால் அவளுக்குச் சம்மதம் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அப்படி இல்லை. நீங்கள் போனை வைத்த பிறகு, மடியில் இருந்த சட்டைக்கு ஒரு பட்டன் தைத்தாள். தைத்ததைப் பிரித்தாள். மறுபடி அதே இடத்தில் தைத்தாள். பொடிசு பக்கத்தில் போய், "அத்தை வீட்டுல எனக்குத் தனிக் கட்டிலாம்மா?" என்று கேட்டது. ஆமாம் என்றாள்.

வியாழக்கிழமை நடந்ததை அத்தை உங்களிடம் சொல்லியிருப்பார். அத்தை சொன்னதில் பொய் இருக்காது. ஆனால் அத்தைக்குப் பாதியிலிருந்துதான் தெரியும். நான் முதலிலிருந்து எழுதுகிறேன்.

லீவில் வந்தபோது வீட்டை ஒழுங்குபடுத்தியதோடு, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் நம் கடையையும் ஒழுங்குபடுத்திக் கொடுத்தீர்கள். அதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். இடுப்புப் பிடிக்க வந்த பேண்ட், நீளம் குறைக்க வந்த பாவாடை, ஜிப் போன ஜாக்கெட் எல்லாம் அம்மாவைச் சுற்றி ஆணிகளில் தொங்கும். நூல்கண்டுகள் தரையில் உருளும். நடுவில் அம்மா, பக்கத்தில் தையல் பிரித்துக்கொண்டு நான். அம்மாவின் மெஷின் விளக்கில் பொடிசின் பழைய தண்ணீர் பாட்டில் ஒன்று வாரால் கட்டித் தொங்கும். அடி விரிசல் விட்ட பாட்டில். மெஷின் ஓடினால் அதுவும் ஆடும். துணி எடுக்கக் குனிந்தால் அம்மாவின் நெற்றியில் இடிக்கும். வருகிறவர்கள், "இதைத் தூக்கிப் போடக் கூடாதாம்மா?" என்று கேட்பார்கள். "அது என் சின்னப் பொண்ணு, அவளைப் போய்த் தூக்கிப் போடச் சொல்றியே" என்பாள் அம்மா. நான் அதை அவளுடைய வழக்கமான கேலி என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, கதவு போட்ட அலமாரி வாங்கி வைத்தீர்கள். நூல்களை நிறம் பிரித்து டிராயரில் அடுக்கினீர்கள். பாட்டிலை அவிழ்த்து, "பள்ளி" என்று சீட்டு ஒட்டிய டிராயரில் வைத்தீர்கள். போனுக்கும் ஒரு டிராயர் ஒதுக்கினீர்கள். அது நியாயம்தான். அதற்கு முன்னால் அம்மாவின் போன் யாரோ ஒருவரின் கோட்டுப் பைக்குள் அவர் வீடுவரை போய்விட்டு வந்தது.

அந்த வியாழக்கிழமை ஒருவர் கோட்டு கொண்டுவந்தார். மறுநாள் காலை அவருக்கு நேர்முகத் தேர்வு. உள்துணி கிழிந்து தொங்கியது. அதே நிறத்தில் துணி பார்த்து வாங்கிவர அம்மா என்னை அனுப்பிவிட்டு, கைப்பக்கத்தைப் பிரிக்க உட்கார்ந்தாள். அம்மா ஒரு வேலையில் இறங்கினால் கிணற்றில் இறங்கியதுபோலத்தான். மேலே நின்று கத்தினாலும் காதில் விழாது. பள்ளியிலிருந்து போன் வந்திருக்கிறது. டிராயருக்குள், துணிமேல் கிடந்த போன். நான் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கித் திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. தெருவிளக்குப் போட்டுவிட்டார்கள். அம்மா தலையை நிமிர்த்திச் சிரித்தாள். "வந்துட்டியா, கை எப்படி உக்காந்திருக்கு பாரு" என்றாள். பொடிசு எங்கே என்று கேட்டேன். அதன்பிறகு அம்மாவின் முகத்தைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

பொடிசு பள்ளி வாசலில் நின்று பார்த்திருக்கிறது. காவலாளி உள்ளே பூட்டப் போன நேரத்தில் தானே நடந்துவிட்டது. பஸ் திரும்புகிற பெரிய சாலையைத் தனியாகக் கடந்திருக்கிறது. ரொட்டிக்கடைக்கார அம்மா பார்த்து, அடுப்பு ஓரமாக உட்கார வைத்திருக்கிறார். பள்ளிக்காரர்கள் அத்தைக்குப் போன் செய்ய, அத்தை போய்த் தேடிக் கூட்டி வந்தார். நாங்கள் பள்ளி வாசலில் நனைந்துகொண்டு நிற்கும்போது அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பன் தின்றுகொண்டே வந்தது. "பெத்த புள்ளையை மறக்கிறவளுக்கு வீடு ஒரு கேடா? போ, போய்த் துணியைக் கட்டிக்கிட்டு அழு" என்று அத்தை சொன்னார். தெருவில் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

இப்போது கடைசிக்கு வந்துவிட்டேன். பொடிசைக் கூட்டிவர அம்மாவுக்கு ஞாபகப்படுத்தும் அந்தப் பாட்டில், அன்று டிராயருக்குள் இருந்தது. நீங்கள் அதை உள்ளே வைத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. நீங்கள் அடுக்கிய எதையும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியும். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு, மூடி வைத்தது எல்லாம் இல்லாமலே போய்விடுகிறது. சர்க்கரையானாலும் சரி, போனானாலும் சரி. இதற்குப் பெயர் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததை எழுதியிருக்கிறேன்.

பொடிசு விஷயத்தை நீங்கள் நேரில் வரும்வரை முடிவு செய்யாமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
மூத்தவள்


புதன்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. எல்லாரும் நன்றாக இருக்கிறோம். பொடிசுக்கு முன்பல் ஆடுகிறது, யாரையும் தொட விடுவதில்லை.

கதவைத் திறந்து போட்டால் தூசி படியும், கரப்பான் வரும் என்று எழுதியிருந்தீர்கள். கரப்பான் முன்பும் வந்தது. மூடிய பிறகு யார் தொல்லையும் இல்லாமல் வருகிறது. பாட்டில் இருந்தது எந்த டிராயர் என்று கேட்டிருந்தீர்கள். மேலிருந்து இரண்டாவது. பொடிசைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு, கீழே சின்ன எழுத்தில் எழுதியிருந்தீர்கள். "பாதி திறந்த கதவு இருக்கிற அறையில் என்னால் உட்கார முடியாது. யாரோ பேசிக்கொண்டே இருப்பதுபோல இருக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். யாரிடமும் சொன்னதில்லை." இதை மட்டும் மடித்துக்கொண்டு, மேலே உள்ளதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

இங்கே ஒரு காரியம் நடந்திருக்கிறது. கடைக்குச் சாம்பல் நிறப் பேண்டாகவே கொண்டுவரும் ஒரு டாக்டரம்மா உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் இருக்கிறார். அம்மா அவருக்கு வைத்திருக்கும் பெயர் சாம்பல் டாக்டர். சில வாரம் முன்னால் பேண்ட் வாங்க வந்தார். அம்மா தைக்கவே ஆரம்பிக்கவில்லை. "திட்டிடுங்கம்மா, சீக்கிரம் முடிஞ்சிடும். நான் பழகினவ" என்றாள் சிரித்துக்கொண்டே. டாக்டர் திட்டவில்லை. மெஷின் விளக்கில் மறுபடி கட்டிவிட்டிருந்த பாட்டிலைப் பார்த்து, அது எதற்கு என்று கேட்டார். அம்மா, அது என் சின்னப் பொண்ணு என்று வழக்கம்போல ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. அந்த வியாழக்கிழமையை முழுக்கச் சொல்லிவிட்டாள். டாக்டர் இரண்டே கேள்வி கேட்டார். சின்ன வயதிலும் இப்படியா, ரொம்ப முக்கியமான காரியத்திலும் இப்படியா என்று. பிறகு, "இதைக் கடையில வச்சுப் பேச முடியாது, ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றார்.

போனோம். அம்மாவால் அங்கே உட்காரவே முடியவில்லை. கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னாள். பதில் சொல்லி முடிப்பதற்குள் டாக்டரின் சட்டையில் ஒரு தையல் விட்டிருப்பதைச் சொன்னாள். சின்ன வயதில் பார்த்தவர் யாராவது வேண்டும் என்றதால், அடுத்த முறை மாமாவைக் கூட்டிப்போனோம். மாமா கையைக் கட்டிக்கொண்டு கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோலச் சொன்னார். "உப்பு வாங்கிட்டு வான்னு அனுப்பினா, இருட்டினப்புறம் பூனைக்குட்டியோட வருவா. உப்பு எங்கடின்னா, என்ன உப்புன்னு கேப்பா. வாத்தியார் பாதி வயசு இவளைத் திட்டியே கழிச்சார்." அம்மா அந்தப் பூனைக்குட்டியின் நிறத்தைச் சொன்னாள். டாக்டர் இரண்டையும் எழுதிக்கொண்டார்.

முடிவில் அதற்கு ஒரு பெயர் சொன்னார். ஏடிஎச்டி. துறுதுறுவென்று ஓடும் பிள்ளைகளைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பெரியவர்களுக்கும் இருக்குமாம். பெரியவர்களானபின் புதிதாக வருவதில்லையாம், சின்னதிலிருந்தே இருந்ததை யாரும் கவனித்திருக்க மாட்டார்களாம். பெண்களிடம் அதிகமாக விட்டுப்போகுமாம். கவனம் இல்லை என்று அர்த்தமில்லை, கவனத்தைத் தேவையான இடத்தில் வைப்பதும் அங்கிருந்து எடுப்பதும்தான் அவர்கள் கையில் இல்லை என்றார். கோட்டைத் தைத்துக்கொண்டிருந்த அம்மாவை நான் நினைத்துக்கொண்டேன். மருந்து உண்டு. இரத்த அழுத்தமும் இருதயமும் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்றார். மருந்து ஒரு பக்கம், மறக்கக் கூடாததைக் கண்முன் வைப்பது ஒரு பக்கம். பாட்டிலை அவிழ்க்கக் கூடாது என்று அதையும் மருந்தோடு சேர்த்தே சொன்னார்.

அம்மா, "அப்ப நான் திமிர் புடிச்சவ இல்லையா டாக்டர்?" என்று கேட்டாள். டாக்டர், "அதைக் கண்டுபிடிக்க எங்கிட்ட டெஸ்ட் இல்லம்மா" என்றார். அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் பாதி இறங்கியதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மாமா பக்கத்தில் நின்று, கைக்குட்டையை எடுப்பதும் பையில் வைப்பதுமாக இருந்தார். அப்போதுதான் குடையை டாக்டர் அறையில் விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. நான் எடுக்கப் போனேன்.

டாக்டர் தனியாக இருந்தார். "இத்தனை நேரம் நீ ஒரு வார்த்தை பேசலையே" என்றார். நான் குடையைப் பார்த்தேன். அவர் எழுந்து போய் டியூப் லைட்டை அணைத்துவிட்டு மேசை விளக்கைப் போட்டார். நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தது எனக்கே அதுவரை தெரியாது. பள்ளியை ஏன் விட்டாய் என்று கேட்டார். இதை நீங்கள்கூட என்னிடம் கேட்டதில்லை. மணிச் சத்தம், பெஞ்சு இழுக்கும் சத்தம், எல்லாருடைய பேச்சும் ஒரே நேரத்தில் வந்து விழுவது, அதற்கு நடுவில் வாத்தியாரின் பேச்சைத் தேடி எடுப்பதற்குள் அவர் பலகையை அழித்துவிடுவது, இதையெல்லாம் துண்டு துண்டாகச் சொன்னேன். அங்கே என்னை ஊமைக்கோட்டான் என்று கூப்பிட்டதையும் சொன்னேன். அவர் அவசரப்படுத்தவில்லை. எனக்கு ஆட்டிசம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், முறையாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும், விருப்பமிருந்தால் வா என்றார். அது சின்னப் பிள்ளைகளுக்குத்தானே என்றேன். "சின்னப் பிள்ளைங்க வளருவாங்க, அதுவும் கூடவே வளரும்" என்றார். வீட்டில் யார் ஜாடை நீ என்று கேட்டார். அப்பா என்றேன். பார்க்காத ஒருவரைப் பற்றி எதுவும் சொல்லமாட்டேன் என்றார். வீட்டில் படித்துப் பார்க்கச் சொல்லிச் சில கேள்விகள் அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார்.

கேள்விகளை எனக்காகத்தான் படித்தேன். ஆனால் நடுநடுவே உங்கள் ஞாபகம் வந்தது. சட்டை வாங்கியதும் கழுத்துப் பட்டியில் இருக்கும் சீட்டைத் தையல் தெரியாமல் பிரித்துத் தரச் சொல்வீர்கள். என்னுடையதையும் நான் பிரித்துவிடுகிறேன். விமான நிலையத்திலிருந்து வந்ததும் யாரிடமும் பேசாமல் குளியலறைக்குப் போய் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பீர்கள். அம்மா கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "நம்மளப் பாத்ததும் இப்படி ஆயிடறாரு" என்பாள். நான் அதையே பள்ளியில் செய்தேன். நீங்கள் வேலை பார்க்கும் கிடங்கிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினீர்களே, இரும்பு ரேக்குகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சுற்றிலும் மெஷின் உதிரி பாகங்கள், ஒவ்வொன்றின் கீழேயும் சீட்டு. உங்கள் போட்டோக்களில் நீங்கள் தோளை இறக்கி உட்கார்ந்திருப்பது அது ஒன்றில்தான்.

உங்களைப் பற்றி முடிவுசொல்ல நான் டாக்டர் இல்லை. என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு அளவு சரியாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் கீழே எழுதியதை அம்மாவுக்குக் காட்டலாமா? வேண்டாம் என்றால் காட்டமாட்டேன்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள்
மூத்தவள்


சனிக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

இது நீங்கள் கிளம்புவதற்குள் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மா மாத்திரை ஆரம்பித்திருக்கிறாள். பசி குறைந்திருக்கிறது, வேறு தொந்தரவு இல்லை. மாத்திரை சாப்பிட்டுவிட்டு, சாப்பிட்டோமா என்று மறந்துவிடுவதால், மாத்திரை அட்டையை மெஷின் மேலேயே ஒட்டி வைத்திருக்கிறோம்.

நீங்கள் போனில் "காட்டு" என்று மட்டும் சொன்னீர்கள். எதை என்று அம்மா கேட்டாள். காட்டினேன். அம்மா அந்தச் சின்ன எழுத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தாள். பிறகு என்னிடம், "கோவத்துல சாத்துறார்னுல்ல இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். நீங்கள் லீவில் வந்து ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு போகும்போதெல்லாம் அது தனக்கு விழுகிற அடி என்று நினைத்தாளாம். உங்களிடம் கேட்டதே இல்லையாம். நீங்களும் சொன்னதில்லை. நான் உங்கள் இருவருக்கும் நடுவில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தும் எனக்கும் தெரியவில்லை.

அன்றைக்கே அம்மா, டாக்டர் சொன்னபிறகு திறந்தே போட்டிருந்த எல்லாக் கதவையும் மூட ஆரம்பித்தாள். "உங்கப்பா வர்றதுக்குள்ள பழகிக்கறேன்" என்றாள். சமையலறை, துணி அலமாரி, பாத்திர அலமாரி எல்லாம். மெதுவாக, சத்தம் வராமல். அரைமணி நேரத்தில் உப்பைத் தேடினாள். உப்பைத் தேடப் போன இடத்தில் பொடிசின் பள்ளிச் சட்டை கிடைத்தது. அதில் ஒரு பட்டன் இல்லை. பட்டன் தைக்க உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் இருந்த பாத்திரத்தின் அடி கருகி வீடு முழுக்கப் புகை. பொடிசு இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்தது. அம்மா கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, "என்னால முடியலடி" என்றாள். மாத்திரை எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

நேற்று நீங்கள் போனில் சாப்பாடு, பள்ளி, பணம் என்று வழக்கமான மூன்று கேள்விகளையும் கேட்டு முடித்துவிட்டு வைக்காமல் இருந்தீர்கள். நாங்களும் காத்திருந்தோம். பிறகு, "பாட்டில் இப்ப எங்க இருக்கு?" என்றீர்கள். "கண்ணு முன்னாடி ஆடிக்கிட்டிருக்குங்க" என்றாள் அம்மா. "அவுக்க வேணாம்" என்றீர்கள். அதற்குப் பிறகு அம்மா இரவு முழுக்கச் சமையலறையில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தாள். பாட்டா, பேச்சா என்று தெரியவில்லை.

இன்று காலை அத்தை வந்தார். பொடிசின் உடுப்புக்கு அளவெடுக்க வந்தேன் என்றார், ஆனால் டேப் கொண்டுவரவில்லை. "உங்கப்பன் பொடிசுக்குக் கட்டில் இப்பப் போட வேணாம்னுட்டான். வந்து வீட்டைப் பாத்துட்டுச் சொல்றானாம்" என்றார் என்னிடம். அம்மாவிடம் பேசவில்லை. பொடிசின் ஆடுகிற பல்லை மட்டும் தொட்டுப் பார்த்தார். அத்தைக்கு மட்டும் அது எப்படித் தொட விட்டது என்று தெரியவில்லை. அத்தையும் பிள்ளைமேல் உள்ள ஆசையில்தான் கேட்கிறார். அது எனக்குத் தெரியும்.

நீங்கள் வந்து பார்க்கப்போவது இந்த வீட்டைத்தான். கதவுகள் மூடியிருந்தால் அம்மாவால் இங்கே எதையும் செய்ய முடியாது. திறந்து கிடந்தால் உங்களால் இங்கே உட்காரவே முடியாது. உட்கார முடியாத இடத்தில் ஒருவர் எப்படி நல்லதாக ஒரு முடிவு எடுப்பார்? இதையே யோசித்துக்கொண்டு கடையில் கையில் இருந்த பேண்டின் தையலைத் தேவைக்கு மேலேயே பிரித்துவிட்டேன்.

பிறகு உங்கள் கிடங்குப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். உங்கள் தோளைத்தான் முன்பு பார்த்திருந்தேன். இந்த முறை ரேக்குகளைப் பார்த்தேன். ஒரு ரேக்குக்கும் கதவு இல்லை. எல்லாம் கண்முன்னால் இருக்கிறது, ஆனால் எதுவும் திறந்து கிடக்கவில்லை. திறப்பதற்கு ஒன்றுமே இல்லை. அந்த நடுவில்தான் நீங்கள் பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பக்கத்துக் கடைச் சாவிக்காரரிடம் போய் ஸ்க்ரூடிரைவர் வேண்டும் என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அட, உனக்குப் பேச வருமா?" என்றார். வரும் என்றேன். சிறியதும் பெரியதுமாக இரண்டு கொடுத்தார்.

அம்மா பொடிசைக் கூட்டிவரப் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டுக்கு வந்தேன். அவள் நேரத்தோடு போனாள், அதையும் எழுதிவிடுகிறேன். சமையலறை அலமாரியில் ஆரம்பித்தேன். கீல்கள் துரு ஏறி இறுகியிருந்தன, தையல் மெஷின் எண்ணெய் விட்டுக் கழற்றினேன். பிறகு துணி அலமாரி, பாத்திர அலமாரி. கதவுகளைக் கட்டிலுக்குப் பின்னால் சுவரோடு சாய்த்து, மேலே போர்வை போட்டு வைத்திருக்கிறேன். ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே டப்பாவில். எந்த அலமாரியுடையது எது என்று தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சீட்டு ஒட்டியிருக்கிறேன், உங்களுக்கு வேண்டுமென்றால் திரும்ப மாட்டலாம். கதவில் நீங்கள் ஒட்டிய சீட்டுகளைக் கிழியாமல் எடுத்து, அதே வரிசையில் தட்டுகளின் விளிம்பில் ஒட்டிவிட்டேன். சர்க்கரை சர்க்கரை இருக்கும் இடத்திலேயே இருக்கிறது.

பத்திரமாக வந்து சேருங்கள் அப்பா. வந்ததும் குளியலறைக்குப் போய் எவ்வளவு நேரம் வேண்டுமோ இருந்துவிட்டு வாருங்கள். கதவுக்கு வெளியே யாரும் நிற்கமாட்டோம், அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு பொடிசைப் பற்றிப் பேசலாம்.

உங்கள் அறையில் இருக்கும் அலமாரியின் கதவை மட்டும் நான் கழற்றவில்லை. அதை நன்றாகச் சாத்தி, உங்கள் நாற்காலியை அதைப் பார்த்தாற்போலத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

உங்கள்
மூத்தவள்